ஆடுகிறவர் ஆட்டக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் தம்பி மகன் கேட்டான்: "பெரியப்பா, உங்க பால்ரூம் டான்ஸுக்கு ஒலிம்பிக்ஸ்ல பதக்கம் கேக்குறாங்களாமே! அப்போ நம்ம துனீ சீட்டாட்டத்துக்கும் கேக்கலாமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவனுக்குத் தெரியாத ஒன்று, சீட்டாட்டம் எப்போதோ உள்ளே போய்விட்டது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்குத் தங்கம் கொடுத்தார்கள். துனீக்காரர்கள் மனுப் போடலாம், நான் தடுக்கமாட்டேன்.

முப்பது வருஷமாகச் சனிக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் வால்ட்ஸ், ஜைவ் என்று ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனங்களைச் சொல்லிக்கொடுக்கிறேன். "அது டான்ஸ்தானே, விளையாட்டா?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்தக் கேள்வியை இங்கிலீஷில் கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழில் கேட்கும்போது நாக்கு இடறவேண்டாமா? கிரிக்கெட்டும் ஆடுகிறோம், கரகமும் ஆடுகிறோம். பந்து உதைப்பவன் ஆட்டக்காரன், கூத்துக் கட்டுபவனும் ஆட்டக்காரன். 1860 முதல் கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த நம் ஆட்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். நேட்டாலில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேர் விழுந்தது. விடிய விடிய ஆடியவரை "உனக்கென்ன, உடம்பு நோகாத வேலை" என்று யாரும் சொன்னதில்லை.

உடம்பு விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். குவிக்ஸ்டெப் என்ற வேகமான பால்ரூம் நடனத்தின் இசை நிமிடத்துக்குச் சுமார் 200 தட்டு. ஒரு நடனம் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம். அப்படி ஐந்து நடனம், ஒரு சுற்றுக்கு. இறுதிக்குள் பல சுற்று. சந்தேகம் இருப்பவர் சனிக்கிழமை வாருங்கள், தண்ணீர் பாட்டிலோடு.

நான் விரிவாகச் சொல்ல வந்தது வேறு. பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டு ஜோடியாக ஆடும் 'ஐஸ் டான்ஸ்' நடனத்துக்கு 1976 முதல் ஒலிம்பிக்ஸ் பதக்கம் உண்டு. மரத்தளத்தில் ஆடினால் இல்லை. பனிமேல் ஆடும் ஜோடிக்கு முழுத் தளமும் சொந்தம், இசையும் அவர்கள் தேர்ந்தது, மாதக்கணக்கில் அதற்கே பழகியது. பால்ரூமில் அந்தச் சொகுசு கிடையாது. இறுதிச் சுற்றில் வழக்கமாக ஆறு ஜோடிகள் ஒரே நேரத்தில் ஒரே தளத்தில். என்ன நடனம் என்று தெரியும், எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது. உங்கள் வழியில் எப்போது யார் குறுக்கே வருவார் என்பதும் தெரியாது.

எங்கள் கூடத்துப் போட்டி ஒன்றில் பார்த்தேன். ஃபாக்ஸ்ட்ராட் நடனம். என் மாணவன் நீளமாக அடியெடுத்து மூலைக்குப் போகிறான். எதிர்பாராமல் இன்னொரு ஜோடி அந்த மூலையில் திரும்பி நின்றுவிட்டது. அவனுக்கு முன்னே இருந்தது அரை விநாடி. அவன் எதையும் நிறுத்தவில்லை. எடையைப் பின்காலில் வாங்கி, கூட ஆடிய பெண்ணை இன்னொரு பக்கம் திருப்பி, இசையின் அடுத்த தட்டில் போய் விழுந்தான். அவளுக்கு அது ஒரு வார்த்தையால் சொல்லப்படவில்லை. முதுகில் இருந்த அவன் கை சொன்னது, அவள் புரிந்துகொண்டாள். உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அதையும் பயிற்சியில் போட்ட அடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எதிராளி தரும் சிக்கலை அந்த நொடியிலேயே அவிழ்ப்பதற்கு விளையாட்டு என்று பெயர் இல்லாவிட்டால் வேறு எதற்கு?

சர்வதேச ஒலிம்பிக் குழு 1997-இலேயே இந்த விளையாட்டின் சம்மேளனத்தை அங்கீகரித்துவிட்டது. அங்கீகாரம் என்பது பத்திரிகை வைத்ததோடு சரி, பந்தியில் இலை போடவில்லை. ஒலிம்பிக்ஸில் இடமில்லாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டுகளில் ஆடுகிறார்கள். 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்துப் போட்டிகள் வைத்தார்கள்; பத்துத் தங்கமும் நடத்திய சீனாவுக்கே. 2014-இல் இன்சியோனில் நடனத்தைக் காணோம். ஒரே வீடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன ஆசை மிஞ்சும்? பிறகு 2024 பாரிஸில் அதே சம்மேளனத்தின் வழியாக உள்ளே போனது பிரேக்கிங், வால்ட்ஸ் அல்ல. வீதியில் பிறந்த அந்த ஆட்டத்தின்மேல் எனக்குப் பொறாமை உண்டு, கோபம் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில் அதுவும் இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஓட்டத்துக்குக் கடிகாரம் உண்டு. எங்களுக்கு நடுவரின் கண் மட்டும். இரண்டு நிமிடத்துக்குள் ஆறு ஜோடியையும் பார்த்து வரிசைப்படுத்தவேண்டும். பழைய முறைப்படி, ஏழு நடுவரில் நாலு பேர் உங்களுக்கு முதலிடம் கொடுத்தால் அந்த நடனத்தில் நீங்கள்தான் முதல். மீதி மூன்று பேர் கடைசியில் போட்டிருந்தாலும் சரி. இப்போது புள்ளி முறைகளும் வந்துவிட்டன. கண்ணால் அளப்பதே குற்றம் என்றால் ஜிம்னாஸ்டிக்ஸையும் அனுப்பிவிடவேண்டும். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் பனிச்சறுக்கு நடுவர் விவகாரம் வெடித்து, இரண்டாவது ஜோடிக்கும் தங்கம் கொடுக்க நேர்ந்தது. அந்த விளையாட்டைத் துரத்தவில்லை, மதிப்பெண் போடும் முறையை மாற்றினார்கள்.

கல் பதித்த உடைகளின் செலவும் உறுத்தல்தான். பால்ரூமின் லத்தீன் பிரிவில் ஆடுகிறவர்கள் மேடைக்கு முன் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் காசாவது மிச்சம்.

ஒலிம்பிக்ஸ் கதவையே தட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காமன்வெல்த் அளவுப் போட்டி போதும். 2015-இல் டர்பனுக்கு 2022 காமன்வெல்த் விளையாட்டுகள் கிடைத்தன. 2017 மார்ச்சில் கையைவிட்டுப் போயின, பணம்தான் காரணம். 2026 கிளாஸ்கோவில் பத்தே விளையாட்டுகள். செலவைக் குறைக்கப் பார்க்கும் காலத்தில், ஒரு மரத்தளமும் நல்ல ஒலிபெருக்கியும் போதும் என்கிற விளையாட்டை யோசிக்கலாம். ஒரு பதக்கத்துக்கு ஆணும் பெண்ணும் சமமாக நிற்கும் ஆட்டமும் அது.

நிபந்தனை ஒன்று உண்டு. எங்கள் கூடத்தில் போட்டி முடிந்ததும் எந்த நடுவர் யாருக்கு எத்தனையாவது இடம் போட்டார் என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவோம். பெற்றோர் முண்டியடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் சண்டை போடுவார்கள். காவலாளி விளக்கை அணைக்கும்வரை அது ஓயாது. பெரிய மைதானத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோகவேண்டும். நன்றி, வணக்கம்.