கப்பிட்டல் வேறு, சிம்பிள் வேறு: எக்ஸெலில் சரியான விலையைத் தேடி எடுப்பது

[திரையில்: திருகோணமலையில் போட் எஞ்சின் சாமான் விற்கும் கடையொன்றின் விலைப்பட்டியல்]

வணக்கம். ஏ நிரலில் பொருட் குறியீடு, பி நிரலில் விலை. இந்தக் கடையில் புதிய பாகத்துக்குக் கப்பிட்டல் பி 12. திருத்தி விற்கும் அதே பாகத்துக்குச் சிம்பிள், அதாவது சிறிய எழுத்து, பி 12. புதியது 2ஆம் நிரையில், 9500 ரூபா. திருத்தியது 7ஆம் நிரையில், 4000 ரூபா.

டி2 செல்லில் சிம்பிள் பி 12 என்று அடித்து, குறியீட்டைத் தேடி விலையை எடுத்துத் தரும் வீலுக்கப் சூத்திரத்தைப் போடுவோம்.

[திரையில்: 9500]

குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்த கடற்றொழிலாளிக்கு 5500 ரூபா கூடுதலாகப் பில் போட்டாயிற்று! பொருளே பட்டியலில் இல்லாவிட்டால் எக்ஸெல் பிழை காட்டும். வேறு பொருளின் விலையை எடுத்தால் பிழை ஒன்றும் காட்டாது. எனக்குப் பயம் அதுதான்.

தேடும் சூத்திரங்களான வீலுக்கப், மேட்ச், எக்ஸ்லுக்கப் மூன்றுமே கப்பிட்டல், சிம்பிள் வித்தியாசம் பார்ப்பதில்லை. மேலிருந்து வந்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். வீலுக்கப்பின் கடைசியில், சரியாகப் பொருந்துவதை மட்டும் எடு என்று சொல்லும் ‘ஃபால்ஸ்’ போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது.

வித்தியாசம் பார்ப்பது, இரண்டு சொற்கள் அச்சொட்டாக ஒன்றா என்று ஒப்பிடும் எக்ஸாக்ட் சூத்திரம். ஏ2 முதல் ஏ50 வரையுள்ள குறியீடுகளையும் டி2வையும் அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு நிரைக்கும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று விடை வரும். நமக்கு 7ஆம் நிரையில் மட்டும் ட்ரூ.

இனி, தேட வேண்டியது குறியீட்டை அல்ல, அந்த ட்ரூவை.

[திரையில்: எக்ஸ்லுக்கப், அதனுள் ட்ரூ, கமா, எக்ஸாக்ட், கமா, பி2 முதல் பி50]

4000 வந்துவிட்டது.

எக்ஸ்லுக்கப் இல்லாத பழைய எக்ஸெலா? மேட்சுக்குள் ட்ரூ, எக்ஸாக்ட், கடைசியில் 0 கொடுத்து, முழுவதையும் இண்டெக்ஸுக்குள், பி2 முதல் பி50 என்பதற்குப் பின்னால் வையுங்கள். வெறும் என்டர் போதாது; கன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் அரேஃபார்முலாவுக்குள் போடுங்கள்.

எக்ஸாக்ட் கண்டிப்பானது. குறியீட்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் ஃபால்ஸ்தான். பட்டியலை முதலில், வேண்டாத இடைவெளிகளை நீக்கும் ட்ரிம்மால் துப்புரவாக்குங்கள்.

குறியீட்டை நீங்களே வைப்பதென்றால், எழுத்தின் அளவை நம்பாமல் இன்னோர் எழுத்தைச் சேர்ப்பதே நல்லது. பெட்டியில் அச்சடித்து வரும் குறியீட்டை மாற்ற முடியாது. அங்கேதான் இந்த வழி தேவை.

இன்னொன்று, இது முக்கியம்: இப்படியான பட்டியலில், ஒரே பதிவு திரும்ப வந்தால் நீக்கும் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ பொத்தானைக் குறியீட்டு நிரலை வைத்து அழுத்தாதீர்கள். அதற்கும் இரண்டும் ஒன்றுதான். 7ஆம் நிரையை அப்படியே அழித்துவிடும்.