வாங்கில் பக்கத்தில் இருந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

யாராவது எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிற நேரம் ஒன்று நம் வீடுகளில் இருந்தது. மரண அறிவித்தல் நேரம். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மா அகப்பையும் கையுமாக வந்து நிற்பார். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று போகும். ஊர், உறவு, உத்தியோகம், தகனம் எத்தனை மணிக்கு, எல்லாம் வரும். அந்த மனிதர் வளர்ந்த பிறகு எங்கே படித்தார் என்பது மட்டும் வராது. முப்பத்தோராம் நாள் கையில் தருகிற நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டிலும் வராது. திதி வெண்பா இருக்கும், பேரப்பிள்ளைகளின் பெயர்கூட இருக்கும். மாலை வகுப்பு இருக்காது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு மாலைக் கல்லூரியில் பெரியவர்களுக்குக் கணிதம் படிப்பித்தவள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. ஆனால் அதற்கு முன்பே பள்ளியை விட்டவர்களும், பிறகு வீட்டுக் கஷ்டத்தில் இடையில் நின்றவர்களும் எங்கே போவது? 1954இல் பீற்றர் பிள்ளை அடிகளார் பொரளையில் அக்குவைனாஸ் கல்லூரியைத் தொடங்கினார். பகலில் கந்தோருக்குப் போய்விட்டு மாலையில் படிக்க எத்தனையோ பேர் அங்கே போனார்கள். எங்களுடையது அதைவிட மிகச் சிறிய இடம். மாடியில் நான்கு அறை, ஆடுகிற வாங்குகள், அவ்வளவுதான்.

அங்கே என் வகுப்பில் ஒரு ஐயா இருந்தார். வயது ஐம்பத்தொன்று. புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவர். ஐந்தாம் வகுப்போடு கடை வேலைக்கு வந்தவர், சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும் என்று வந்து சேர்ந்தார். வகுப்புக்குள் என்னை டீச்சர் என்பார், படியிறங்கினால் பிள்ளை என்பார். எவ்வளவு பெரிய கூட்டலும் அவருக்கு நாக்கு நுனியில். அட்சரகணிதம் வந்ததும் பேனையை மூடிவைத்துவிடுவார். எழுத்தையும் எண்ணையும் ஏன் கலக்கிறார்கள் என்று அவருக்கு உண்மையாகவே கோபம். ஒருநாள் திடீரென்று கையை உயர்த்தினார். "டீச்சர், இந்தச் சமன் அடையாளத்தைத் தராசு முள் என்று வைப்பமே. இந்தத் தட்டில மூன்று கிலோ எடுத்தால் அந்தத் தட்டிலயும் மூன்று கிலோ எடுக்க வேணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். வானொலியில் கரும்பலகை இல்லை, அதனால் கணக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் படிப்பித்த ஒவ்வொரு வகுப்புக்கும் சமன்பாட்டைத் தராசு வைத்துத்தான் சொன்னேன். அது என் விளக்கம் இல்லை, அந்த ஐயாவின் விளக்கம்.

முதல் முறை கணிதத்தில் பெயில். இரண்டாம் முறை பாஸ். சில வருடம் கழித்துக் காலமானார். கொட்டாஞ்சேனையில் அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். கல்வெட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடை இருந்தது, கோயில் தொண்டு இருந்தது, படிப்பு இல்லை. மகளிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "அப்பா படிச்சவரோ? ஸ்டொக் எடுக்கோணும், வர ஒன்பது மணியாகும் எண்டுதானே எங்களுக்குச் சொல்லுவார்!" பாஸ் பண்ணினால் வீட்டில் சொல்லுவம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னவர், பாஸ் பண்ணிய பிறகும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மகள் கல்லூரிக்கு வந்தார். பழைய வரவு இடாப்பை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் பெயருக்கு நேரே நீலக் கோடுகள், நடுவில் வராத நாளுக்கு அடுத்தடுத்து மூன்று சிவப்பு வட்டம். அதற்குக் கீழே விரலை வைத்துத் தேதியைப் பார்த்தார். "இது நான் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்த கிழமை" என்றார். அதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை.

அதனால்தான் இடாப்பு, இடாப்பு என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். பழைய இடாப்புகள் கறையானுக்குப் போகின்றன, இல்லாவிட்டால் காலிமுகத்திடலில் கடலைச் சுருளாகின்றன. எங்களிடம் 1983ஆம் ஆண்டு இடாப்பு ஒன்று இருக்கிறது. கலவரம் நடந்த ஜூலை கடைசிக் கிழமையோடு சில பெயர்களுக்கு நேரே எதுவும் இல்லை. சிவப்பு வட்டம்கூட இல்லை. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்களா, வெளிநாடு போனார்களா, இருக்கிறார்களா? அந்தப் பெயர்களை நாங்கள் இறந்தவர்களோடு சேர்ப்பதில்லை. தனியாக வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறோம்.

வாசிப்பது எங்கே என்று கேட்பீர்கள். வருடத்தில் ஒரு மாலை பழைய மாணவர்கள் கூடுகிறோம். எங்கள் வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள். ஒரு வீட்டில் திவசம், ஒரு வீட்டில் துஆ, ஒரு வீட்டில் நவம்பர் 2 பூசை, ஒரு வீட்டில் தானம். அது அந்தந்த வீட்டு விஷயம். நாங்கள் செய்வது வேறு. காலமானவர்களின் பெயரை இடாப்பில் இருக்கிற வரிசையிலேயே வாசிப்போம். வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பி, அவர் படித்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லவர், வல்லவர் என்று சொல்லக் கூடாது, படித்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நேயர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர் மாலை வகுப்புக்குப் போயிருந்தால் கல்வெட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கூடப் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பற்றி நிறையச் சொல்ல எழுதிவைத்திருந்தேன். சரி, ஒருவரையாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் காவலாளி, சிங்களவர். எட்டே முக்காலுக்குப் பூட்ட வேண்டிய கதவைக் கடைசி ஆள் படியிறங்கும்வரை பூட்டமாட்டார். பிறகு கரும்பலகை அழிக்க வருவார். அழிப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு தமிழ் எழுத்தைப் பார்த்து, சட்டைப் பையில் இருக்கும் கடதாசியில் எழுதிக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து. அவர் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை. போன வருடம் அவர் பெயரையும் சேர்த்து வாசித்தோம். வாங்கில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லையே, யார் எழும்புவது என்று கேட்டார்கள். நான் எழும்பினேன்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.