கழுத்து சேருமிடமும் ஒலியின் நீளமும்

நேயர்களுக்கு வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தி ஒன்றை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், அந்த ஒலி தேய்ந்து மறையும் வரை நிற்கும் நேரத்தைத்தான் வாசிப்பவர்கள் சஸ்டெயின் என்கிறார்கள். விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட பகுதியான கழுத்தை உடலோடு சேர்த்திருக்கும் முறையே அதை முடிவு செய்கிறது என்ற நம்பிக்கை பல காலமாக நிலவுகிறது.

1950-இல் ஃபெண்டர் நிறுவனம் கழுத்தைத் திருகாணிகளால் முடுக்கியது. 1952-இல் வந்த கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் அது பசையால் ஒட்டப்பட்டது. 1957-இல் ரிக்கன்பேக்கரின் பேஸ் கிட்டாரிலோ கழுத்து மரமே உடலின் கடைசி வரை ஓடியது. ஒரே மரமானால் அதிர்வு தடையின்றிப் பாயும், ஆகவே ஒலியும் நீளும் என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். உறுதியான உத்தரத்தில் கட்டிய ஊஞ்சல் நெடுநேரம் ஆடும். வளைகிற கிளையில் கட்டியது, கிளையையும் ஆட்டுவதால், சீக்கிரமே ஓய்ந்துவிடும். தந்தியின் அதிர்வு மரத்துக்குள் பாய்கிறது என்றால், அந்த ஆற்றல் தந்தியை விட்டுப் போய்விட்டது என்றுதானே பொருள்? தந்திகளுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவியான பிக்கப் கேட்பது பெரும்பாலும் தந்தியின் அசைவைத்தான். மரம் கையில் அதிர்வதை நாம் ரசிக்கலாம். ஆனால் அது தந்தி செலுத்தும் வரி. இதை நான் எத்தனையோ நண்பர்களிடம் சொல்லிச் சலிப்பூட்டியிருக்கிறேன். இன்று உங்கள் முறை.

என்னிடம் திருகாணிக் கழுத்துக் கிட்டார் ஒன்று இருந்தது. அதில், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஒரு சுரம் எழுந்தவுடன் அடங்கிவிடும். குற்றவாளி இணைப்புதான் என்று முடிவு கட்டி, கழுத்தைக் கழற்றி, குழியைத் துடைத்து, திருகாணிகளையும் மாற்றினேன், பலன் இல்லை. பிறகொரு நாள் சுருதி சேர்க்கும் டியூனரைத் தலைப்பகுதியில் கவ்வவிட்டு, எடுக்க மறந்து வாசித்தபோது, அந்தச் சுரம் நீண்டு ஒலித்தது, பக்கத்துச் சுரமோ சோர்ந்து போயிருந்தது. கழுத்துக்கென்று சொந்தமான அதிர்வெண்கள் உண்டு. தந்தியின் சுரம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் கழுத்து அதை விழுங்கிவிடும். தலையில் சிறு எடை கூடியதும் அந்த அதிர்வெண் இடம்பெயர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990-களில் கழுத்தின் அதிர்வை அளந்து, இத்தகைய செத்த இடங்களுக்குக் காரணம் காட்டினார்.

இணைப்பையே நேரடியாகச் சோதித்தவரும் உண்டு. கருவி செய்பவரான ஆர். எம். மொட்டோலா மூன்று முறைகளையும் ஒப்பிட்டபோது, திருகாணி இணைப்பே சற்று நீளமாக ஒலித்தது; அதுவும் கேட்பவர் காதுக்குப் பிடிபடாத அளவு வேறுபாடுதான்.

நேரம் நெருங்கிவிட்டது, பசை இணைப்பைப் பற்றி வைத்திருந்ததை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன். தளர்ந்த இணைப்பு எந்த முறையிலும் கெடுதலே. ஆகவே திருகாணிகளை மரம் நசுங்காதபடி இறுக்கி வையுங்கள். அதன் பிறகும் ஒலி குறுகினால், தந்திக்கு மிக அருகில் உயர்த்திய பிக்கப்பின் காந்தம் தந்தியை இழுக்கிறதா என்று, அதைச் சற்றே இறக்கிப் பாருங்கள். வணக்கம்.