டாங்கியின் எடை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டாங்கி என்றதும் அதன் பீரங்கி எவ்வளவு தொலைவு சுடும், அதன் கவசம் எவ்வளவு தடிமன் என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். இயந்திரப் பொறியியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் தோன்றும். அந்த வண்டியின் எடை எவ்வளவு, அந்த எடையை எது நகர்த்துகிறது, எந்த நிலம் அதைத் தாங்குகிறது? நூறாண்டுகளைக் கடந்துவிட்ட டாங்கி வரலாற்றில் எதிரியின் குண்டு படாமல், சேற்றில் புதைந்தோ பல்சக்கரம் உடைந்தோ நின்றுபோன வண்டிகள் ஏராளம். ஆகவே இன்றைய உரையில் எடை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்க விரும்புகிறேன்.

முதல் உலகப் போரின்போது, 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்ஸின் சொம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் ராணுவம் முதன்முறையாக டாங்கிகளைக் களத்தில் இறக்கியது. அன்றைய தாக்குதலுக்கென ஒதுக்கப்பட்டவை 49 வண்டிகள். அவற்றில் புறப்பட வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தவை 32 மட்டுமே. மார்க் 1 எனப்பட்ட அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் லிங்கன் நகரில் வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த தொழிற்சாலையைச் சேர்ந்த வில்லியம் டிரிட்டனும், ராணுவப் பொறியியலாளரான வால்டர் வில்சனும். அகலமான பதுங்குகுழிகளைத் தாண்ட வேண்டும் என்பதற்காகச் சங்கிலிப் பட்டை வண்டியின் உடலையே முழுதாகச் சுற்றிவரும்படி, சாய்சதுர வடிவத்தில் அதை அமைத்தார்கள். அந்த யோசனை சிறப்பானதுதான். ஆனால் 28 டன் எடையை இழுக்க அவர்களிடம் இருந்தது 105 குதிரைத்திறன் எஞ்சின், அதாவது டன்னுக்கு நான்கு குதிரைத்திறன்கூட இல்லை. மணிக்கு ஆறு கிலோமீட்டரைத் தாண்டாத அந்த வண்டியில் இருந்த எட்டுப் பேரில் நான்கு பேர் அதை ஓட்டுவதற்கே தேவைப்பட்டார்கள். திருப்ப வேண்டுமானால், ஒரு பக்கத்துச் சங்கிலிப் பட்டையின் கியரை விடுவிக்கப் பின்னால் இருக்கும் ஆளுக்கு ஓட்டுநர் சைகை காட்ட வேண்டும். உறை ஏதும் இல்லாமல் நடுவில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் இரைச்சலில் எந்தக் குரலும் எடுபடாது; வெப்பத்தையும் புகையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறு ஆண்டு நவம்பரில் கம்ப்ரே நகருக்கு அருகே டாங்கிகளைக் கொண்டே பெரிய தாக்குதல் ஒன்று நடத்தப்பட்டது. முதல் நாளில் மட்டும் செயலிழந்தவை 179. அவற்றில் எதிரியின் குண்டுகளால் வீழ்ந்தவை 65. இயந்திரக் கோளாறால் நின்றவை 71. பள்ளத்தில் விழுந்தும் சேற்றில் சிக்கியும் போனவை 43. டாங்கியின் முதற்பகை எது என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. 1918-இல் வந்த மார்க் 5 வண்டியில்தான், வில்சன் தாமே உருவாக்கிய, நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் கோள்பற்சக்கர அமைப்பின் உதவியால், ஒரே ஓட்டுநர் தனியாக வண்டியைத் திருப்ப முடிந்தது. அதே காலத்தில் பிரான்ஸின் ரெனோ நிறுவனம் ஆறரை டன் எடையில், இரண்டே பேருக்காக, எஞ்சினைப் பின்புறத்திலும் ஆயுதத்தைத் தாங்கிச் சுழலும் கோபுரத்தை மேலேயும் வைத்து ஒரு சிறு வண்டியைச் செய்தது. இன்றுவரை பெரும்பாலான டாங்கிகளின் அமைப்பு அதுவே.

இங்கே தரை அழுத்தம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு காலை ஊன்றுகிறார். அவருடைய பாதம் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 400 கிராம் அழுத்துகிறது. சோவியத் நாட்டின் டி-34 டாங்கியோ 26 டன் எடையோடு ஏறக்குறைய 700 கிராம்தான் அழுத்தியது. அகலமான சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிவிடுவதால், சாதாரண லாரி புதைந்துபோகும் வயலில் டாங்கி நகர்ந்துவிடும். ஆனால் சங்கிலிப் பட்டையை அகலப்படுத்தி ஏமாற்றக்கூடியது மண்ணை மட்டும்தான். பாலத்தை அப்படி ஏமாற்ற முடியாது. அது மொத்த எடையைத்தான் பார்க்கிறது. ரயில் பாதையோ அகலத்தைப் பார்க்கிறது. மண், பாலம், ரயில் ஆகிய மூன்றும் கேட்பது மூன்று வேறு கணக்குகள் என்பதுதான் டாங்கி வடிவமைப்பாளரின் தீராத தலைவலி.

அந்த டி-34 தனியாகவே ஓர் உரைக்குரியது. அமெரிக்கரான வால்டர் கிறிஸ்டி அமைத்த சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் அமைப்பைக் கொண்ட வண்டிகள் இரண்டை விலைக்கு வாங்கிய சோவியத் ஒன்றியம், அதிலிருந்து பி.டி. வரிசை டாங்கிகளை வளர்த்தெடுத்தது. அந்த வழியில் வந்ததே கார்கிவ் நகரத் தொழிற்சாலையில் மிகயீல் கோஷ்கின் தலைமையில் உருவான டி-34. முன்கவசத்தின் தடிமன் 45 மில்லிமீட்டர்தான். ஆனால் அதைச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்ததால், நேராக வரும் குண்டு 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்தாக வேண்டியிருந்தது. தகட்டைச் சாய்த்தால் வண்டிக்குள் இடம் குறைகிறது என்ற விலையும் அதில் உண்டு. 500 குதிரைத்திறன் கொண்ட 12 சிலிண்டர் டீசல் எஞ்சின் டன்னுக்குப் பத்தொன்பது குதிரைத்திறனைத் தந்தது. 1940 மார்ச் மாதத்தில் இரண்டு மாதிரி வண்டிகளைக் கார்கிவிலிருந்து மாஸ்கோ வரை பனியில் சொந்தச் சக்கரத்திலேயே ஓட்டிச்சென்று காட்டிய குழுவில் கோஷ்கினும் இருந்தார். அந்தப் பயணத்தில் பற்றிய நிமோனியாவிலிருந்து அவர் மீளவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். பின்னர் அந்த வண்டி ஆயிரக்கணக்கில் உருவாகிக் களம் கண்டதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இந்த வண்டியைக் குறையே இல்லாத அற்புதமாகச் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தொடக்க கால வண்டிகளில் கியர் மாற்றுவதற்கு ஓட்டுநரின் உடல்வலிமை முழுவதும் தேவைப்பட்டது. கோபுரத்தில் இரண்டே பேர் இருந்ததால், தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும், களத்தைக் கவனிக்கவும் வேண்டும்; 1944-இல் வந்த 85 மில்லிமீட்டர் பீரங்கி வண்டியில்தான் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைத்தது. 1942-இல் அமெரிக்காவின் அபர்தீன் சோதனைத் தளத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு டி-34, காற்று வடிகட்டியின் குறைபாட்டால் புழுதி உட்புகுந்து, 350 கிலோமீட்டர்கூட ஓடாமல் எஞ்சின் பாழாகி நின்றது. ஆயினும் மண், பாலம், ரயில் ஆகிய மூன்று கணக்குகளுக்கும் ஒரே நேரத்தில் ஓரளவு சரியாக விடை சொன்ன வண்டி அது.

ஜெர்மனி மறுபக்கம் போனது. 57 டன் எடையுள்ள டைகர் டாங்கியின் போர்க்களச் சங்கிலிப் பட்டை 725 மில்லிமீட்டர் அகலம். அது ரயில் வண்டியின் எல்லையைத் தாண்டிப் புடைத்து நின்றதால், ஒவ்வொரு ரயில் பயணத்துக்கும் முன்பு அதைக் கழற்றிவிட்டு 520 மில்லிமீட்டர் பட்டையை மாட்ட வேண்டியிருந்தது. இறங்கியதும் மறுபடி மாற்ற வேண்டும். பாந்தர் டாங்கியின் கதை இதைவிட வருத்தத்துக்குரியது. முதலில் எண்ணியிருந்த அளவைத் தாண்டி எடை 45 டன்னுக்கு ஏறியது. ஆனால் எஞ்சினின் விசையைச் சங்கிலிப் பட்டைக்குக் கொண்டுசேர்க்கும் கடைசிப் பல்சக்கரப் பெட்டி அந்த எடைக்கு ஏற்றதாக இல்லை. வலுவான பல்சக்கரங்களை வெட்டும் இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் எளிய அமைப்பையே பொருத்தினார்கள். போருக்குப் பிறகு கைப்பற்றிய பாந்தர்களைச் சில காலம் பயன்படுத்திப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், அந்தப் பெட்டியின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்று 1947-இல் எழுதிவைத்தது. 188 டன் எடையில் மௌஸ் என்றொரு வண்டியையும் ஜெர்மானியர் செய்தார்கள். அதைத் தாங்கும் பாலம் இல்லாததால் ஆற்றின் அடியில் நடத்திச்செல்லத் திட்டமிட்டார்கள் என்பதைச் சொன்னால் போதும்.

நம் நாட்டிலும் நிலம் தீர்ப்புச் சொன்ன போர் உண்டு. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்ற ஊருக்கருகே, பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் முன்னேறின. அன்றைய கணக்கில் அவை நவீனமானவை. எடை ஏறக்குறைய 45 டன். இந்தியத் தரப்பு வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சி, உயர்ந்து நின்ற கரும்புக்குள் தன் டாங்கிகளையும் பீரங்கிகளையும் மறைத்து வைத்திருந்தது. சேற்றில் வேகம் இழந்த பாட்டன்கள் பக்கவாட்டில் அடிவாங்கின; 97 டாங்கிகள் அழிந்தும் கைவிடப்பட்டும் போயின என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, ஆறுகள் குறுக்கிடும் கிழக்கு வங்கத்தில், நீரில் மிதக்கக்கூடிய 14 டன் எடையுள்ள பி.டி.-76 வண்டிகளை இந்திய ராணுவம் ஈடுபடுத்தியது. மெல்லிய கவசம்தான், ஆனால் அந்த நிலத்துக்கு அதுவே பொருந்தியது.

எடையைக் குறைக்க வேண்டுமானால், கவசத்தால் மூட வேண்டிய இடத்தின் அளவைக் குறைக்க வேண்டும். 1960-களில் சோவியத் வடிவமைப்பாளர்கள் குண்டு நிரப்பும் ஆளை நீக்கிவிட்டு, அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். டி-64, பின்னர் டி-72 ஆகியவை மூன்று பேரோடும் நாற்பது டன்னை ஒட்டிய எடையோடும் அமைந்ததன் ரகசியம் இதுதான். ஆனால் குண்டுகள் ஆட்களின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதால், கவசம் துளைபட்டால் கோபுரமே தூக்கி எறியப்படுகிறது. அமெரிக்காவின் ஆப்ராம்ஸ், குண்டுகளில் பெரும்பகுதியைக் கோபுரத்தின் பின்னறையில் தனியே அடைத்து, வெடித்தால் அழுத்தம் மேல்நோக்கி வெளியேறும்படி தகடுகளை வைத்திருக்கிறது. பிரிட்டனில் உருவான அடுக்குக் கவசமும் சேர்ந்ததால், 1980-இல் 54 டன்னாகத் தொடங்கிய அந்த வண்டி பின்னாளைய வடிவங்களில் 60 டன்னைத் தாண்டிவிட்டது. ஆட்களின் உயிரை முதலில் வைத்த வடிவமைப்பு என்ற முறையில் என் மதிப்பு ஆப்ராம்ஸின் பக்கமே. அதைக் கொண்டுசெல்லும் பொறுப்புள்ள அதிகாரி வேறு மாதிரி நினைக்கலாம்.

சென்னையை அடுத்த ஆவடிக்கு வருகிறேன். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைக் கொண்ட, 39 டன்னை ஒட்டிய வண்டி அது. பின்னர் டி-72, டி-90 ஆகியவையும் அங்கேயே உருவாயின. அதே ஆவடியில் உள்ள போர் வாகன ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது. ராணுவத்தில் அது சேரத் தொடங்கியது 2004-இல். 58.5 டன் எடைக்கு 1400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின் பொருத்தப்பட்டது. டன்னுக்கு 24 குதிரைத்திறன் என்பது நல்ல கணக்கு. பயனாளரான ராணுவம் கேட்ட மாற்றங்களைச் சேர்த்து உருவான மார்க் 1ஏ வடிவமோ 68 டன். எஞ்சின் அதேதான் என்பதால், டன்னுக்கு 21 குதிரைத்திறனுக்கும் கீழே இறங்கிவிட்டது. 118 வண்டிகளுக்கான ஆணை 2021 செப்டம்பரில் வழங்கப்பட்டது. சிறந்த பீரங்கியும் எண்ணெயையும் வாயுவையும் கொண்டு அதிர்வைத் தாங்கும் மென்மையான ஹைட்ரோநியூமேடிக் சஸ்பென்ஷனும் கொண்ட வண்டி அது. ராஜஸ்தானின் விரிந்த மணற்பரப்பு அதற்கு ஏற்றது. பஞ்சாபின் வாய்க்கால் பாலங்கள் வேறு விஷயம்.

லடாக்கின் உயரத்தில் கணக்கு இன்னும் கடுமையாகிறது, ஏனெனில் மெலிந்த காற்றில் எஞ்சினின் வலுவே குறைந்துவிடும். 1948 நவம்பரில் சோஜிலா கணவாய்க்கு இந்திய ராணுவம் ஸ்டூவர்ட் ரக இலகு டாங்கிகளை ஏற்றியது வரலாறு. இன்று அதே மலைகளை மனத்தில் வைத்து, 25 டன் எடையில் சோராவர் என்ற இலகு டாங்கி உருவாகி, 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளிக்காட்டப்பட்டது. அதன் 760 குதிரைத்திறன் எஞ்சின் வெளிநாட்டு நிறுவனத்தினுடையது. கனரக டாங்கிக்கென உள்நாட்டில் வடிவமைத்த 1500 குதிரைத்திறன் எஞ்சின் 2024 மார்ச் 20 அன்று மைசூரில் உள்ள பெமல் தொழிற்சாலையின் சோதனை மேடையில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. இனி அது ஒரு டாங்கிக்குள் பொருத்தப்பட்டு, பாலைவனப் புழுதியிலும் கோடை வெப்பத்திலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.