துடுப்பு வெட்டப்படாத மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏரியில் மீன்குஞ்சு விடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த நேரத்து மகிழ்ச்சி தெரியும். தொட்டி ஏற்றிய லாரி கரையோரம் வந்து நிற்கும். அகலமான குழாய் வழியே ஆயிரக்கணக்கான விரலிகள் பளபளத்துக்கொண்டு நீருக்குள் பாயும். அன்று விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படும். மறுநாள் அந்த எண்ணே செய்தியாகவும் வரும். முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தின் உழைப்பை அந்த எண் சரியாகவே சொல்கிறது. ஏரி நலமாக இருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால், இந்த நீரிலேயே சினையிட்டுப் பொரித்து இந்த நீரிலேயே வளர்ந்த மீன்கள் வலையில் எத்தனை விழுகின்றன என்று கேட்க வேண்டும். பொரிப்பகங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பொரிப்பகத்துக்குள் சென்று பார்ப்போம். சினை முற்றிய தாய்மீனின் வயிற்றை மென்மையாக நீவி முட்டைகளை ஈரமில்லாத பாத்திரத்தில் இறக்குவார்கள். அதன்மேல் ஆண் மீனின் விந்துநீரைப் பிழிந்து கலந்த பிறகே தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் முந்திவிட்டால் முட்டையின் நுண்துளை மூடிக்கொள்ளும், கருவுறுதல் குறைந்துவிடும். டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்களின் முட்டைகள் தட்டுகளில் வாரக்கணக்கில் ஓடும் நீரில் கிடக்கும். உயிருள்ள முட்டை ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை முட்டையில் பூஞ்சை பிடித்தால் அது பக்கத்து முட்டைகளுக்கும் பரவும் என்பதால், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடுவார்கள். குனிந்த தலை நிமிராமல் இந்த வேலையை நாள் முழுதும் செய்யும் பணியாளர்களை நான் அறிவேன். அவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு பெரியது. பின்னால் நான் சொல்லப்போவது எதுவும் அவர்களைக் குறை கூறுவதாகாது.

ஆயினும் அந்த உழைப்பு கரையோரத்தில் ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடலாம். ஒரு முறை நான் உடனிருந்தபோது, தொட்டி நீரின் வெப்பத்தையும் ஏரி நீரின் வெப்பத்தையும் ஒத்துப்பார்க்காமல் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டார்கள். சிறிது நேரம் குஞ்சுகள் இயல்பாக நீந்துவதுபோல் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு தெரிய மேலே மிதந்தன. ஏரி நீரைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் கலந்து குஞ்சுகளைப் பழக்க அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் போதும். அன்றைய பதிவேட்டில் இருந்தது விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை மட்டுமே.

இனி வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வருகிறேன். சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ ஆகிய ஐந்தும் சேர்ந்து உலகின் நிலப்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டிருக்கின்றன. பொரிப்பகத்தால் எது முடியும், எது முடியாது என்பதை இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஒன்டாரியோவுக்கு மேலே உள்ள நான்கு ஏரிகளுக்கும் நயாகரா அருவி ஒரு மதிலாக இருந்தது. கப்பல்கள் அருவியைச் சுற்றிச் செல்வதற்காக 1829இல் வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. அந்த வழியே வந்த, அட்லாண்டிக் கடலோடு தொடர்புடைய கடல் லாம்ப்ரே என்னும் விலாங்கு போன்ற ஒட்டுண்ணி மீன் 1921இல் ஈரி ஏரியில் காணப்பட்டது; 1930களின் இறுதிக்குள் மிச்சிகன், ஹூரான், சுப்பீரியர் மூன்றிலும் பரவிவிட்டது. அதற்குத் தாடை கிடையாது. வட்டமான உறிஞ்சுவாயும், அதில் வளையம் வளையமாகக் கொம்புப் பற்களும், நடுவில் அரம் போன்ற நாக்கும் உண்டு. பெரிய மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலை அராவித் துளைத்து, குருதி உறையாதபடி உமிழ்நீரைச் செலுத்திக் குடிக்கும். தப்பித்த மீனின் உடலில்கூட நாணயம் பதித்தாற்போல் வட்டத் தழும்பு நிற்கும். ஒரு லாம்ப்ரே தன் ஒட்டுண்ணிப் பருவத்தில் 18 கிலோ வரை மீனைக் கொல்லக்கூடும்.

அந்த ஏரிகளின் ஆழத்தில் முதன்மை வேட்டை மீனாக இருந்தது ஏரி டிரவுட். மட்டுமீறிய மீன்பிடிப்பால் ஏற்கெனவே தளர்ந்திருந்த அந்த இனத்தை லாம்ப்ரே வீழ்த்தியது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு அளவில் பிடிபட்டு வந்த ஏரி டிரவுட், 1960களின் தொடக்கத்தில் மூன்று இலட்சம் பவுண்டுக்குக் குறைந்தது. மிச்சிகன் ஏரியில் அது அடியோடு அற்றுப்போயிற்று. அந்த நிலையில் எத்தனை கோடிக் குஞ்சுகளை விட்டிருந்தாலும் அவை லாம்ப்ரேக்கு இரையாகத்தான் போயிருக்கும். ஏரி டிரவுட் சினைப்பருவம் எய்த ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே அதன் உடலில் தழும்பு விழுந்துவிடும்.

ஆகவே வழியைத் திறந்தது பொரிப்பகம் அல்ல, ஓர் ஆய்வுக்கூடம். லாம்ப்ரேயின் இளம் புழுக்கள் ஏரியில் கலக்கும் ஓடைகளின் சேற்றுக்குள் கண்ணில்லாமல் சில ஆண்டுகள் புதைந்து வாழும். அவை ஓரிடத்தில் தங்கியிருக்கும் பருவம் அதுவே என்பதால், அங்கே தாக்குவது என்று முடிவு செய்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஹேமண்ட் பே ஆய்வு நிலையத்தில் ஏறத்தாழ 6,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, மற்ற மீன்களுக்குப் பெரும் கேடில்லாத அளவில் லாம்ப்ரே புழுக்களைக் கொல்லும் டி.எஃப்.எம். என்ற பொருளை 1950களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1955இல் அமைத்த பேரேரி மீன்வள ஆணையம் அந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தியது. ஏரிகளின் பெரும்பகுதியில் லாம்ப்ரே பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த வேலைக்கு முடிவென்று ஒன்று கிடையாது. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் ஓடைப் பணிகள் குறைந்ததும் லாம்ப்ரே மீண்டும் பெருகியது.

வேட்டை மீன் இல்லாத ஏரியில் மற்றோர் அயல் மீன் கொழித்தது. ஏல்வைஃப் என்னும் சாளையை ஒத்த சிறு மீன் 1949இல் மிச்சிகன் ஏரியை அடைந்து, தடுப்பாரின்றிப் பெருகி, 1967 கோடையில் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரைகளில் ஒதுங்கியது. அதைத் தின்பதற்காகவே பசிபிக் கடலின் கோஹோ சால்மனை 1966இலும் சினூக் சால்மனை 1967இலும் பொரிப்பகத்தில் வளர்த்து ஏரியில் விட்டனர். அது பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. தூண்டில் பிடிப்போர் பெருகினர், கரையோர ஊர்கள் செழித்தன. அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாள் முதல், வெளியிலிருந்து வந்த இரைமீனும் வெளியிலிருந்து கொண்டுவந்த வேட்டைமீனும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, ஏரியின் சொந்த மீன்கள் ஓரத்துக்குப் போயின. ஏல்வைஃபின் உடலில் தயாமின் என்ற உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதையே தின்று வளரும் டிரவுட் இடும் முட்டையில் தயாமின் குறைந்து, பொரித்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் முன்பே மடிந்தன. மிச்சிகன் ஏரியில் 1965இலிருந்து பல பத்தாண்டுகள் ஏரி டிரவுட் குஞ்சுகளை விட்டும், அங்கேயே பிறந்த குஞ்சுகள் மிக அரிதாகவே தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். வசதி கருதிக் கரையோரத்திலேயே விட்டது மற்றொன்று. அந்த மீன்கள் வளர்ந்ததும் ஆழத்துப் பாறைத் திட்டுகளை நாடாமல் தாம் விடப்பட்ட கரைக்கே திரும்பின.

பின்னர் மட்டிகள் வந்தன. கப்பல் சாயாதிருக்க அதன் சமநிலைத் தொட்டிகளில் நிரப்பும் நீரில் கருங்கடல் பகுதியிலிருந்து வந்த வரிக்குதிரை மட்டி 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. அதன் பின்னே குவாகா மட்டியும் வந்தது. விரல்நுனியளவு மட்டி ஒன்று நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வடிகட்டும். கோடானுகோடி மட்டிகள் அடித்தளம் முழுதும் படர்ந்து, நுண்பாசியை எல்லாம் வடித்துவிட்டன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. தெளிந்த நீரைக் கண்டு ஏரி தூய்மையடைந்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். உண்மையில் அது குஞ்சுகளுக்கு உணவற்றுப்போன நீர். ஹூரான் ஏரியில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஏல்வைஃப் சரிந்தது. அதை நம்பியிருந்த சினூக் சால்மனும் உடன் சரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஹூரான் ஏரியின் சாகினோ விரிகுடாவில் வால்ஐ என்னும் உள்நாட்டு மீனை மீட்கப் பல ஆண்டுகளாகக் குஞ்சு விட்டு வந்தார்கள். வால்ஐயின் பொரித்த குஞ்சுகளை ஏல்வைஃப் தின்றுகொண்டிருந்தது. ஏல்வைஃப் மறைந்ததும் வால்ஐ தானாகவே பெருகியது; எவ்வளவு என்றால், 2006இல் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். மீன் மீண்டது, லாரி நின்றது. ஒரு மீன்வளத் துறைக்கு இதைவிடப் பெருமையான அறிவிப்பு இருக்க முடியாதென்பேன்.

ஒரே மீன் ஓரிடத்தில் செல்வமாகவும் மற்றோரிடத்தில் கேடாகவும் ஆவதற்கும் ஏரி டிரவுட்டே சான்று. 1890இல் மிச்சிகன் ஏரியின் டிரவுட் குஞ்சுகளை, அதுவரை மீனே இல்லாதிருந்த லூயிஸ் ஏரியில் விட்டார்கள். அது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ளது. அரை நூற்றாண்டுக்குப் பின் தாய் ஏரியில் அந்த இனம் அழிந்தது. அந்நிய மண்ணில் விடப்பட்ட வழித்தோன்றல்கள் பிழைத்திருந்தன. அவற்றின் முட்டைகளைக் கொண்டு வயோமிங் மாநிலத்துப் பொரிப்பகம் ஒன்று தாய்மீன்களை உருவாக்கியது. அந்த வழிக் குஞ்சுகள் மிச்சிகன் ஏரிக்கே திரும்பி வந்தன. ஆனால் அதே லூயிஸ் ஏரி மீன், எப்படியோ யெல்லோஸ்டோன் ஏரிக்குள்ளும் நுழைந்தது 1994இல் தெரியவந்தது. அங்குள்ள கட்த்ரோட் டிரவுட் சினையிட ஆழமற்ற ஓடைகளுக்கு ஏறும். கரடியும் கழுகும் அங்கே காத்திருக்கும். கட்த்ரோட்டைத் தின்று தீர்த்த ஏரி டிரவுட்டோ ஆழத்திலேயே சினையிடுவதால் கரடிக்கு எட்டாது. இன்று வரை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏரி டிரவுட்களை அங்கே வலைபோட்டு அகற்றியிருக்கிறார்கள். ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்கு மீனை மாற்றுபவர் யாராயினும், பொரிப்பகமானாலும் வாளியில் தூண்டிலிரை கொண்டுபோகும் தனிமனிதரானாலும், இந்த இரண்டு ஏரிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் வளர்வதும் மீனை மாற்றிவிடுகிறது. பகை இல்லை, பசி இல்லை, நேரத்துக்குத் தீவனம் விழுகிறது. அந்த வாழ்வுக்கு ஏற்ற குணமுள்ளவையே தப்பித் தாய்மீன்களாகின்றன. ஓரிகான் மாநிலத்தின் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் டிரவுட்டை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கை நீரில் இனம்பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. எனவே தாய்மீனை ஆண்டுதோறும் அந்தந்த நீரிலிருந்தே எடுப்பதும், பல இணைகளைச் சேர்ப்பதும், தேவை தீர்ந்ததும் நிறுத்துவதும் பொரிப்பகத்தின் அடிப்படைக் கடமைகள் என்று கருதுகிறேன்.

அயலினங்கள் நுழையும் வாயிலை அடைப்பது இவை எல்லாவற்றிலும் மலிவானது. 2008 முதல், அட்லாண்டிக்கிலிருந்து பேரேரிகளுக்கு வரும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழியில் நுழையும் வெளிநாட்டுக் கப்பல்கள் காலியான சமநிலைத் தொட்டிகளையும் கடல்நீரால் கழுவிவிட்டே வர வேண்டும் என்றாயிற்று; புதிய அயலினங்களின் வரவு வெகுவாகக் குறைந்தது. ஏற்கெனவே உள்ளே வந்த மட்டியை வெளியேற்ற இன்றுவரை வழியில்லை.

சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் ஏரி டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதென்று பேரேரி மீன்வள ஆணையம் 2024இல் அறிவித்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு அது. லாம்ப்ரேயை அடக்கியது, பிடிப்புக்கு வரம்பிட்டது, பொரிப்பகம் குஞ்சு தந்தது, பிறகு தருவதை நிறுத்தியது என எல்லாம் சேர்ந்த உழைப்பு. பொரிப்பகத்தில் வளர்ந்த ஏரி டிரவுட்டுக்கு அடையாளமாக ஒரு துடுப்பைக் கத்தரித்துவிடுவது வழக்கம். அது மீண்டும் முளைப்பதில்லை. அதனால் அங்கே வலையிலிருந்து எடுக்கும் மீனை முதலில் புரட்டிப் பார்த்து, துடுப்புகளின் மேல் விரலை ஓட்டுவார்கள். எதுவும் குறையாமல், எல்லாத் துடுப்புகளும் விரலில் தட்டுப்பட்டால், அந்த மீன் எந்தத் தொட்டியையும் பார்த்ததில்லை. அந்த ஏரியின் பாறை இடுக்கில் ஒரு குளிர்காலம் முழுதும் கிடந்து பொரித்தது.

வணக்கம்.