ஆக்கிரமிப்பு இனங்களை எங்கே தடுப்பது? கணக்கு சொல்லும் பதில்

[திரையில்: வரைபடத்தின் நடுவில் பெரிய பச்சைத் திட்டு, தள்ளித் தள்ளிச் சின்னத் திட்டுகள்]

ஒரு அயல் செடி பரவிவிட்டது. எல்லாவற்றையும் அகற்ற ஆளும் போதாது, பணமும் போதாது. முதலில் எதில் கை வைப்பது? பெரிய திட்டில்தான் என்று தோன்றும். கண்ணை உறுத்துவது அதுதானே.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். திட்டு வளர்வது ஓரத்தில்தான். நடுவில் நிற்கும் செடிக்குப் பக்கத்தில் புது இடம் ஏது?

[திரையில்: ஒரு பெரிய வட்டம், 25 சிறு வட்டங்களாகப் பிரிகிறது]

100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே வட்டம். அதன் சுற்றளவு சுமார் 35 கிலோமீட்டர். அதே பரப்பு, தலா 4 சதுர கிலோமீட்டராக 25 வட்டங்களில் சிதறிக் கிடந்தால், சுற்றளவுகளின் கூட்டுத்தொகை சுமார் 177 கிலோமீட்டர். பரப்பு மாறவில்லை, ஓரம் 5 மடங்காகிவிட்டது. எல்லா ஓரங்களும் ஆண்டுக்கு 100 மீட்டர் நகர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வட்டம் ஓராண்டில் பிடிக்கும் புது நிலம் சுமார் 3.6 சதுர கிலோமீட்டர்தான். சிறு வட்டங்கள் பிடிப்பது 18க்கும் மேல்!

1988இல் மூடி (Moody), மேக் (Mack) என்ற ஆய்வாளர்கள் இந்த வகைக் கணித மாதிரியைக் கொண்டுதான், தள்ளி முளைத்த சிறு திட்டுகளை விட்டுவிடக் கூடாது என்று காட்டினார்கள்.

ஓரம் நகரும் வேகத்தைப் பழைய பதிவுகளிலிருந்தே எடுக்கலாம். 1905இல் ப்ராக் நகருக்கு அருகே விடப்பட்ட மஸ்க்ரட் என்ற கொறிவிலங்கு ஐரோப்பாவில் பரவியதை 1951இல் ஸ்கெல்லம் ஆராய்ந்தார். அது பரவிய பரப்பின் வர்க்கமூலம் காலத்தோடு சீராகக் கூடியிருந்தது. வட்டப் பரப்பின் வர்க்கமூலம் அதன் ஆரத்துக்கு ஏற்பத்தான் கூடும். அதாவது, எல்லை ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறியிருக்கிறது.

ஆனால் இதை எல்லா இடத்துக்கும் பொது விதியாக்கிவிடக் கூடாது. பெரிய திட்டிலிருந்து காற்றிலும் வெள்ளத்திலும் விதை போய்க்கொண்டே இருந்தால், சிறு திட்டுகளை அகற்ற அகற்ற வேறு முளைக்கும். அப்போது அந்த மூலத்தையும் குறைக்க வேண்டும். அப்புறம், சிறு திட்டுகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நிறைய செலவாகும். அந்தச் செலவைச் சேர்க்காத மாதிரியை நம்பிக் களத்தில் இறங்கக் கூடாது.

சில சமயம் தடுக்க வேண்டிய இடத்தில் அந்த இனம் இன்னும் வந்தே இருக்காது.

[திரையில்: ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடற்கரை]

கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது கரும்புத் தேரை. வடக்கு ஆஸ்திரேலியா முழுக்கப் பரவி வடமேற்கிலுள்ள கிம்பர்லி பகுதி வரை வந்துவிட்டது. அடுத்து, அதற்குத் தென்மேற்கே உள்ள பில்பரா பகுதி. இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பாலைவனமுமாக, வறண்ட நிலப்பட்டை ஒன்று இருக்கிறது. மழையில்லாத காலத்தில் அங்கே தேரை பிழைக்க முக்கிய ஆதாரம், மாடுகளுக்காக மனிதர்கள் அமைத்த நீர்நிலைகள்தான்.

மழைக்காலத்தில் தேரை வெகுதூரம் போகும். மழை நின்றதும் பக்கத்தில் தண்ணீர் இல்லையென்றால் செத்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் மாதிரியிடம் கேட்டது இதுதான்: ஒரே மழைக்காலத்தில் தேரையால் தாண்ட முடியாத அளவு இடைவெளி வேண்டும். மிகக் குறைந்த நீர்நிலைகளை மூடி அதை எங்கே உண்டாக்கலாம்?

[திரையில்: நீர்ப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன, ஒன்று மட்டும் எரிகிறது]

இடையில் ஒரே ஒரு தொட்டி ஒழுகினாலும் தேரைக்கு அது பாலமாகிவிடும். மாடுகளையும் தவிக்க விட முடியாது. அதனால் அந்தப் பட்டையில் திறந்த குட்டைகளுக்குப் பதிலாக, தேரை நுழைய முடியாத மூடிய தொட்டிகளை வைக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.