நாய்க்கடியும் உடம்பின் எதிர்ப்பும்

குன்னூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காக 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் இது. இங்கே ஒருவர்கூட ரேபிஸால் சாகக் கூடாது.

சாதாரண ஃப்ளூ வைரஸ் புகுந்தால், தாக்கப்பட்ட செல் சில மணி நேரத்திலேயே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. வைரஸின் துணுக்குகள், எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அதற்குப் பொருந்தும் வெள்ளை அணுக்களான டி செல், பி செல் பெருகி, வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஃப்ளூவில் பெரும்பாலோர் அதுவரை தாக்குப்பிடிக்கிறோம்.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் பரவுவதில்லை. கடிபட்ட தசையிலிருந்து நரம்பு நுனிக்குள் நுழைந்து மூளைக்கு ஏறுகிறது. நரம்புக்குள் போனதை எதிர்ப்பொருள் தேடிப் பிடிக்காது. உடம்பு விழித்துக்கொள்ளும்போது காலம் கடந்திருக்கும். அறிகுறி வந்தவர் பிழைப்பது மிக அபூர்வம்.

தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் அடிக்கடி கேட்கிறார்கள்: “நாயைப் பத்து நாள் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாமா?” கூடவே கூடாது. எதிர்ப்பொருள் உருவாகத் தேவைப்படுவதே அந்த நாட்கள்தான். ஊசியை இன்றே தொடங்குங்கள், நாயையும் கவனியுங்கள். முகம், விரல் கடிபட்டால் அவசரம் இன்னும் அதிகம்: அங்கே நரம்புகள் அடர்த்தி, முகத்திலிருந்து மூளைக்குத் தூரமும் குறைவு.

கடிபட்டதும் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வைரஸின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைக் கரைக்கும். மார்கழிக் குளிரென்று வெந்நீருக்குக் காத்திருக்க வேண்டாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ஆயத்தமான எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். மனித வகை என்றால் கிலோ எடைக்கு 20 யூனிட், குதிரை வகை 40. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்தால் இதைப் போடக் கூடாது. உடம்பு தானே தயாரிக்கத் தொடங்கியதற்கு அது குறுக்கே நிற்கும்.

தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28-ஆம் நாட்களில் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம். தசையில் என்றால் 14-ஆம் நாளும் சேரும். புட்டத்தில் போடக் கூடாது. கொழுப்பில் தங்கினால் எதிர்ப்பு குறையும்.

முழுத் தவணையும் முடித்தவருக்கு இந்த வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் இருக்கும். மறுபடி கடிபட்டால் 0, 3 நாட்களில் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. தவணை முடித்ததை டாக்டருக்குக் காட்ட, ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.